கடைசி மூன்று பேரில் சசிகலா

ஒரு ஆடிக் கிருத்திகை அன்று சாரல் விடாமல் அடித்தது. எங்கள் முருகன் கோயிலிலிருந்து கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன். வாசலில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தீபம் காட்ட வேண்டும். நாலு வீடு தாண்டுவதற்குள் தீபம் அணைந்து அணைந்து போயிற்று. மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை அது அசையாமல் எரிந்தது. என்னடா இது என்று நிமிர்ந்து பார்த்தால், தட்டுக்கு மேலே ஒரு அலுமினியத் தாம்பாளம். மெஸ்ஸில் சோறு கொட்டி ஆறவைக்கிற பெரிய தாம்பாளம் அது. அதைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு சசிகலா என் கூடவே நடந்து வந்தாள். தாம்பாளத்தின் நிழல் தீபத்துக்கு மட்டும்தான் போதும். அவள் தலை, முதுகு எல்லாம் நனைந்தது. தெருக்கோடி வரை அப்படியே வந்தாள். கடைசி வீட்டுக்குத் தீபம் காட்டி முடித்ததும் தாம்பாளத்தை உதறித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, உலை வைக்கப் போய்விட்டாள்.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தபோது முதலில் அந்தத் தாம்பாளம்தான் கண்ணில் நின்றது.

காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற நிலையத்துக்குப் போகும் ரோட்டோரம் ஒரு மெஸ் இருக்கிறது. சசிகலா அங்கே சமையல் செய்தாள். பிறந்தது நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு ஓடை தாண்டிப் போகிற குக்கிராமம். சாமைக் காட்டில் காவல் இருந்தே வளர்ந்தவள். காவலூருக்குத் தீர்த்தகிரியின் மனைவியாக வந்தாள். தீர்த்தகிரி புளியமரம் ஏறுகிறவர். மாசி, பங்குனியில் மலை முழுக்க அவரைத் தேடிக்கொண்டு ஆள் வரும். உச்சிக் கிளையில் நின்று அவர் உலுக்கினால் கீழே காய் மழையாகக் கொட்டும்.

கல்யாணம் ஆன மறுநாள் விடிந்ததும் தீர்த்தகிரி அவளை மேட்டுக்கு அழைத்துப் போனாராம். கீழே பள்ளம் முழுக்கப் பனி நிரம்பி, வெள்ளையாக, மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. தூரத்து மலைமுடிகள் தீவு மாதிரி நின்றன.

"கடலு பாத்துக்கீறியா நீ? இதான் கடலு" என்றாராம்.

"அப்ப மீனு எங்க?" என்று இவள் கேட்டாளாம்.

"மீனு மத்யானம் வரும்."

அவர் சொன்னதை இவளும் நம்பவில்லை. ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் மறுபடி மேட்டுக்குப் போய்ப் பார்த்தார்களாம். பனி போய் வெறும் பள்ளம் கிடந்தது. அப்போது அவர், "நெஜக் கடல ஒரு தபா காட்டறேன்" என்று சொன்னார். அந்தப் பேச்சு அப்படியே நின்றது. புளி பறிக்கப் போன ஒரு பங்குனியில் கிளை முறிந்தது. இடுப்பில் அடி. வேலூரில் வைத்தியம் பார்த்துத் திரும்பிய பிறகு கோல் ஊன்றி நடக்க முடிந்தது. ஆனால் நடக்கவில்லை. மரத்து மேலே பார்த்த ஜனம் தன்னைக் கோலோடு பார்க்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். வீடு, வீட்டுக்குப் பின்னால் கொல்லை. அதைத் தாண்டி அவர் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. கோயிலுக்குக்கூட வரவில்லை. நான்தான் விபூதியை மடித்துக் கொடுத்தனுப்புவேன்.

சசிகலா மெஸ்ஸில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மெஸ்ஸின் பின்னால் ஜீப் டிரைவர்கள் உட்கார்ந்து ரம்மி ஆடுவார்கள். காசு கிடையாது. தோற்றவன் எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு மழை நாளில் ஆள் குறைந்தது. டிரைவர் புருஷோத்தமன் உள்ளே எட்டிப் பார்த்து, "யக்கா, ஒரு கை கொறையுது. சும்மா வந்து குந்து, சீட்ட புடிச்சினு இரு போதும்" என்றான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அப்படித்தான் ஆரம்பம்.

எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்துக் கொஞ்சம் புரிந்துகொண்டேன். ஒரு தடவை சீட்டு போட்டு ஆடுவதற்கு ஒரு கை என்று பேர். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. வரிசையாகவும் ஒரே எண்ணாகவும் சேர்த்து முதலில் முடிக்கிறவருக்குப் புள்ளி ஏறாது. மற்றவர்களுக்குச் சேராத சீட்டுக்கெல்லாம் புள்ளி ஏறும், எண்பது வரைக்கும். இருநூற்றைம்பதைத் தொட்டவர் எழுந்து போக வேண்டும். கையில் வந்த சீட்டு பிடிக்கவில்லையென்றால் ஆடாமலே கவிழ்த்துவிடலாம். அதற்கு ஸ்கூட் என்று பேர். இருபத்தைந்து புள்ளி மட்டும் ஏறும். மற்ற எல்லோரும் கவிழ்த்துவிட்டால், ஆட நிற்கிற ஒருவருக்குப் புள்ளியே ஏறாது. ஆனால் இன்னொரு ஸ்கூட் விட்டால் வெளியேதான் என்கிற அளவுக்குப் புள்ளி ஏறிவிட்டவர், சீட்டு எப்படி வந்தாலும் கட்டாயம் ஆடியே தீர வேண்டும்.

சசிகலா நல்ல சீட்டு வந்தாலொழிய ஆட மாட்டாள். கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். "ஸ்கூட் சசிகலா" என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் கவிழ்க்காமல் உட்கார்ந்தாள் என்றால் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "யக்கா ஆடுது. ஜோக்கரு ரெண்டாச்சும் கீது" என்று அவர்களே கவிழ்த்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் காணும் பொங்கலுக்குக் கோயிலில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். உறியடி, கோலம், பாட்டில் நிரப்புதல் என்று பலதும் இருந்தன. பெரியவர்களுக்கு ரம்மி. கண்ணமங்கலத்தில் வேன் வைத்திருக்கும் வடிவேலு பரிசு கொடுத்தார். முதல் பரிசு, அவருடைய வேனில் திருச்செந்தூர் போய்வர இரண்டு பேருக்கு இடம், தங்கல் சாப்பாடு உட்பட. இரண்டாம் பரிசு ஒருவருக்கு இடம். மூன்றாவது ஒரு குக்கர்.

அன்று விடியற்காலையில் சசிகலா கோயிலுக்கு வந்தாள். வெகு நேரம் கண்ணை மூடி நின்றாள்.

"இன்னா தங்கச்சி, இன்னிக்கி வேண்டுதல் பெருசா கீது?" என்று கேட்டேன்.

"அவுரு வாய் வுட்டுட்டாரு பூசாரிணா. ரெண்டு எடம் கெடச்சா சாமியே கூப்ட்ட மாதிரி, வர்றேன்னு சொல்லிட்டாரு. நான் ஜெயிக்க மாட்டேன்ற தைரியத்துலதான் சொன்னாரு."

"ஒரு எடம் கெடச்சா?"

"நீ போய்ட்டு வான்றாரு. நான் போயி இன்னாணா பண்றது? அவுரு வூட்ட வுட்டு எறங்கணும். அதுக்குத்தான் இந்த ஆட்டமே."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "உன் கணக்குக்குப் பேசாம குந்தினே இருந்தா ரெண்டாவது வந்துடலாம்னு புருஷோத்தமன் சொல்றான்."

"வரலாம்ணா. மூணு பேரு மிஞ்சற வரிக்கும் ஸ்கூட் வுட்டே போய்டுவேன், அது எனக்குத் தெரியும். அப்பறம்தான் வேற ஆட்டம். அப்ப அல்லாருக்கும் பரிசு கண்ணுல தெரியும். கைக்கு வரப்போறது போய்டுமோன்னு நடுங்குவாங்க. அந்த நேரத்துல சீட்ட பாக்கக் கூடாது, ஆளுங்கள பாக்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பேச்சுதான்ணா. ராத்திரி முழுக்க தூங்கவே இல்ல."

விபூதியை இரண்டு தடவை பூசிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனாள்.

கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஜமக்காளம் விரித்திருந்தது. வடிவேலு கரும்பலகையில் புள்ளி எழுதினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மைக்கில் வேறு சொன்னார். மத்தியானத்துக்கு மேல் பனி ஏறியது. மலையிலிருந்து இறங்கி, பந்தலைத் தாண்டி, கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. எதிரே இருக்கிறவர் முகம் பாலுக்குள் தெரிகிற மாதிரி தெரிந்தது. மைக்குச் சத்தம் அந்த வெள்ளைக்குள் போய் எங்கெங்கேயோ அலைந்து திரும்பி வந்தது. அந்தச் சத்தம் தீர்த்தகிரி வீட்டுக்கும் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் மூன்று பேர். புளி மண்டி வைத்திருக்கும் குமரேசன், அடிவாரத்துக்காரர், அவருக்குத்தான் புள்ளி குறைவு. நடுவில் சசிகலா. வெளியே போகிற ஓரத்தில் புருஷோத்தமன். சசிகலா இரண்டு தடவை ஸ்கூட் விட்டால் போதும், அதற்குள் புருஷோத்தமன் விழுந்துவிடுவான், அவளுக்கு ஒரு இடம் நிச்சயம் என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சீட்டு போட்டார்கள். சசிகலா ஒரு பார்வை பார்த்து மூடிக்கொண்டாள்.

"ஆடறேன்" என்றாள்.

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. புருஷோத்தமன் வாயைப் பிளந்தான். "இன்னா யக்கா, எங்கூட இன்னா பகை உனுக்கு? ஸ்கூட் வுட்டுட்டு அடுப்பப் பாக்கறதானே?" கவிழ்த்துவிட்டான். குமரேசனும் தாடியைத் தடவிக்கொண்டு கவிழ்த்தார். சசிகலாவுக்குப் புள்ளி ஏறவில்லை. மற்ற இருவருக்கும் ஏறியது. அந்த ஏற்றத்தில் புருஷோத்தமன் கட்டாயம் ஆடவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டான். அடுத்த கையில் சசிகலா மறுபடி ஆடினாள். இரண்டு பேரும் மோதிக்கொள்ளட்டும் என்று குமரேசன் ஒதுங்கினார். புருஷோத்தமன் விழுந்தான்.

"குக்கருக்கு விசில் போட்டுக் குடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தான்.

இப்போது சசிகலாவுக்கு ஒரு இடம் உறுதி. ஆனால் அவள் முகத்தில் அந்த நிம்மதி இல்லை. எனக்குத் தெரியும், அவள் தேடி வந்தது அது இல்லை.

"தங்கச்சி, ஒரு எடம் வந்துடுச்சி. ஜல்தியா முடிச்சிக்கலாமா? பனி ஏறுது, நான் கீழ எறங்கணும்" என்றார் குமரேசன்.

"முடிச்சிக்கலாம்ணா. நீங்க மொதல்ல எறங்குங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கையையும் அவள்தான் ஆடினாள். குமரேசன் கவிழ்த்தார்.

அதற்கடுத்த கையில் குமரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தத் தபா நானும் வர்றேன்" என்றார். அவரிடம் நல்ல சீட்டு வந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சாயங்கால பூஜைக்கு நேரமாகிவிட்டது. மணி அடித்தேன். எங்கள் ஊர் வழக்கம், மணி சத்தம் கேட்டால் எது நடந்தாலும் நிற்கும். தட்டோடு கொட்டகைக்கு வந்தேன். இருவரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கையாலும் தீபத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். விபூதி கொடுத்தேன். பூசிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பனியில் விரல் ஈரம். ஈர விரலில் மிச்ச விபூதி. சீட்டின் முதுகு கருநீலம். நான் இதையெல்லாம் கவனிக்கவில்லை. குமரேசனும் கவனிக்கவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, ஜோக்கரை வலது ஓரத்தில் சொருகிக் ஆள்காட்டி விரலால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். நாலு சுற்று போனது. சசிகலா ஒரு சீட்டை எடுக்கக் கை நீட்டினாள், நிறுத்தினாள். தன் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தாள். பிறகு அத்தனையையும் கவிழ்த்து ஜமக்காளத்தில் வைத்தாள்.

"அண்ணா, சீட்டுக்கட்ட மாத்திடலாம்" என்றாள்.

"இன்னாம்மா?"

"உங்க வெரலு எனுக்குத் தெரியுதுண்ணா. ஓரத்துல ரெண்டும் ஜோக்கரு. விபூதி படிஞ்சிருக்குது பாருங்க."

குமரேசன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் வெள்ளையாக, ரேகை ரேகையாக, அவருடைய விரல். பிறகு என் பக்கம் திரும்பினார். "யோவ் பூசாரி, உன் சாமி எந்தக் கட்சிய்யா?"

சீட்டுக்கட்டை மாற்றினால் அந்த ஆட்டம் செல்லாது. வடிவேலு பலகையில் எதுவும் எழுதவில்லை. அவர் சீட்டுகளைக் கலைத்து அள்ளும்போது சசிகலாவின் சீட்டுகளைப் பார்த்துவிட்டார். ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் அவள் முடித்திருப்பாள். "அய்யோ" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அந்த அய்யோ பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது.

அவள் எதற்காக ஆடுகிறாள் என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். முருகா என்று கூப்பிட்டேன். அதற்கு மேல் என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை.

புதுக் கட்டு வந்தது. சசிகலா தன் சீட்டைப் பார்த்தாள். முகம் அடுப்பு ஊதும்போது இருக்கிற மாதிரியே இருந்தது. "ஆடறேன்." குமரேசன் அவளையே பார்த்தார். கைக்கு வந்த ஆட்டத்தையே தூக்கி வைத்தவள், இப்போது ஆடுகிறேன் என்கிறாளே, அப்படியானால் எப்பேர்ப்பட்ட சீட்டாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. கவிழ்த்தார். அடுத்த கையிலும் "ஆடறேன்". அதற்கும் கவிழ்த்தார். வடிவேலு கூட்டிப் போட்டுப் பலகையைத் தட்டினார். "குமரேசண்ணனுக்கு இனிமே ஸ்கூட் கெடையாது!"

பகலெல்லாம் முன்னால் இருந்த மனுஷன், கவிழ்த்துக் கவிழ்த்தே ஓரத்துக்கு வந்து நின்றார்.

அடுத்த கை. சசிகலா பார்த்தாள். மெல்லக் கவிழ்த்தாள்.

"ஸ்கூட்."

ஜனம் 'ச்சே' என்றது. "மறுபடியும் அடுப்பப் பாக்கப் போய்ட்டியா யக்கா?" என்று புருஷோத்தமன் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினான். சசிகலா திரும்பவில்லை. இப்போது காத்திருக்க அவளால் முடியும், அவரால் முடியாது. இன்னொரு கை போட்டார்கள். பார்த்தாள். அன்று முதல் தடவையாக உதட்டோரம் லேசாக அசைந்தது.

ஆறேழு சுற்றில் முடித்துச் சீட்டை விரித்து வைத்தாள். குமரேசன் தன் சீட்டை எண்ணக்கூட இல்லை. ஜமக்காளத்தில் பரப்பிவிட்டு, கைகூப்பி எழுந்தார். "போய்ட்டு வா தாயி. எனுக்கும் சேத்து வேண்டிக்கோ" என்றார். பிறகு குனிந்து மெதுவாக, "அந்த ரெண்டு கையில இன்னா வெச்சிருந்த?" என்று கேட்டார்.

"மறந்துடுச்சிண்ணா" என்றாள்.

விபூதி மடித்துக்கொண்டு அவளோடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். பாதையில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. பாதி வழியில், பலாமரத்தடியில், பனிக்குள் ஏதோ ஒரு உருவம் நின்றது. கிட்டப் போனால் தீர்த்தகிரி. வெள்ளைச் சட்டை. கோலை இரண்டு கையாலும் ஊன்றி, மூச்சு வாங்க நின்றார். அங்கிருந்து அவர் வீடு நல்ல இறக்கத்தில் இருக்கிறது. எப்படி ஏறினார் என்று யாருக்கும் தெரியாது.

"மைக்குல அய்யோன்னான் ஒருத்தன்" என்றார். "அப்பறம் வூட்ல குந்த முடியல."

சசிகலா அவர் தோளில் ஒட்டியிருந்த பனித்துளியை முந்தானையால் துடைத்தாள்.

"எப்ப கெளம்பணுமாம்?" என்று அவர்தான் கேட்டார்.

தை முடிவதற்குள் போய்வந்தார்கள். வந்ததும் எனக்கு ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் கொண்டுவந்தாள். "பனி மாதிரி இல்லணா" என்றாள். "பனி சத்தம் போடாது. இது பேசினே இருக்குது. நாழிக்கெணறுல குளிச்சி, சாமி பாத்துட்டு மணல்ல குந்தினோம். ஒரு அலை வந்து அவரு கோல இழுத்துனு போச்சு. நான் அய்யோன்னு எழுந்தா, அவரு சிரிக்கிறாரு. அடுத்த அலை அதக் கொண்டாந்து அவரு காலாண்டயே போட்டுடுச்சி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த ரெண்டு கையிலயும் ஒண்ணுமே இல்லணா. ஒரு வரிசைகூட சேரல. குமரேசண்ணனாண்ட சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. குமரேசன் இப்போது பேரன் பேத்தியோடு சென்னையில் இருக்கிறார். இதைப் படித்தாலும் சிரித்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு தீர்த்தகிரி கோயிலுக்கு வர ஆரம்பித்தார். கோலோடுதான் வந்தார். ஜனம் பார்த்தது, இரண்டு நாள் பேசியது, பிறகு மறந்துவிட்டது. ஆரணிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்கு வாசலில் உட்கார்கிற காவல் வேலையும் அவளுக்குச் சமையல் வேலையும் கிடைத்தன. இரண்டு பேரும் புறப்பட்டார்கள். பஸ் வருவதற்கு முன்னால் கோயிலுக்கு வந்தார்கள். அன்றைக்கும் பனிதான். தீர்த்தகிரி படியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதன் மேலே அந்த அலுமினியத் தாம்பாளம். மெஸ்காரர் அதை அவளுக்கே கொடுத்துவிட்டாராம்.

தீபம் காட்டினேன். விபூதியை வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்தேன்.

சசிகலா இரண்டு கையையும் சேர்த்து அகலமாக நீட்டினாள்.

"இன்னிக்கி கையில சீட்டு இல்லணா" என்றாள். "நெறயவே குடுங்க."